வீட்டுச் சுவரில் பச்சை நிறத்தில், ராணுவச் சட்டை போட்டதுபோல் ஒரு பெரிய பூச்சி. அது என்ன? விஷமா?

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது அரளி அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரியை. நெரியம் என்றால் அரளி. 1758-இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் அதை வைத்துத்தான் பெயரிட்டார். பயப்படாதீர்கள், அதற்குக் கொட்டக் கொடுக்கும் இல்லை, கடிக்கப் பல்லும் இல்லை. தேன் உறிஞ்சச் சுருட்டி வைத்த ஒரு குழல், அவ்வளவுதான்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டை. சாமிக்குப் பூ வேண்டும் என்று அம்மா மொட்டைமாடியில் நந்தியாவட்டை வைத்திருக்கிறார். ஒருநாள் தொட்டியைச் சுற்றி மிளகு கொட்டியதுபோல் கறுப்பு உருண்டைகள். எலிப் புழுக்கை என்று திட்டிக்கொண்டே பெருக்கினார். மறுநாளும் அதே. அப்புறம்தான் செடியை நிமிர்ந்து பார்த்தோம்: பாதிக் கிளை மொட்டை. இலைக்கடியில் நடுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு, வாலில் குட்டிக் கொம்பு. தொட்டதும் தலையை உள்ளே இழுத்து முன்பக்கத்தை உப்பிக்கொண்டது. இரண்டு நீலக் கண்கள்! "ஐயே, இன்னாடா இது, பாம்பாட்டம் மொறைக்குது!" துடைப்பம் கீழே விழுந்தது. அவை கண்ணே இல்லை, தோலில் உள்ள புள்ளிகள். பறவைகளை மிரட்டுவதற்கு. அம்மாவும் மிரண்டுவிட்டார்.

அரளி இலை நம் இதயத்தையே பாதிக்கும் விஷம். இந்தப் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. நித்தியகல்யாணியையும் விடாது.

அந்தப் புழுவை ஊறுகாய் பாட்டிலில் இலையோடு போட்டு வைத்தேன். சில நாளில் தின்பதை நிறுத்தி, பழுப்பாகி, சருகுக்குள் புகுந்து கூட்டுப்புழுவானது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து வெளியே வந்ததைப் பச்சை என்று மட்டும் சொன்னால் போதாது. பாசிப்பச்சை, இளம்பச்சை, கரும்பச்சை எல்லாம் அலையலையாக ஒன்றுக்குள் ஒன்று. குறுக்கே வெளிர் ரோஜாப் பட்டை. ஓரத்தில் லேசான ஊதா. எம்.சி. ரோட்டில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் இந்தக் கலரில் புடவை கிடைக்காது. இறக்கையை விரித்தால் 9 முதல் 11 செ.மீ. உட்காரும்போது பின்னோக்கிச் சாய்த்து வைத்துக்கொள்வதால் மேலிருந்து பார்த்தால் போர் விமானம்தான். இலை நடுவே இருந்தால் கண்ணுக்கே படாது. உங்கள் சுவர் வெள்ளையாக இருந்ததால் மாட்டிக்கொண்டது.

இருட்டியதும் முதலில் இறக்கையை நடுக்கும். குளிரில் அல்ல, பறக்கும் தசைகளைச் சூடேற்றுகிறது. அந்த நேரம் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், தானே போய்விடும். துடைப்பம் வேண்டாம்.