ஆஞ்சியோவுக்குப் பின் ரத்தக்குழாயில் காயமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அப்பாவுக்குத் தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் வைத்து ஐந்து நாள் ஆகிறது. நீலம் பாரித்து முழங்கால் வரை இறங்கிவிட்டது. ஊசி போட்ட இடத்தில் ஒரு கட்டியும் இருக்கிறது. தானாகச் சரியாகுமா?

நீலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் கீழே இறங்கினால் அப்படித்தான் இருக்கும். பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும்.

எனக்குக் கவலை அந்தக் கட்டிதான். அதன்மேல் இரண்டு விரலை மெல்ல வைத்துப் பாருங்கள், அழுத்தாதீர்கள். வெறும் ரத்தக்கட்டு என்றால் அசையாமல் கெட்டியாக இருக்கும். இதயத் துடிப்போடு சேர்ந்து விம்மித் தணிந்தால், தமனியில் போட்ட துளை மூடவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ரத்தம் வெளியே வந்து சுற்றியுள்ள சதைக்குள் ஒரு பையை உண்டாக்கியிருக்கும். இதைப் போலி அனியூரிசம் என்போம். துடிப்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. புதிதாகக் கட்டி வந்தாலே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. வலியில்லாத சோதனைதான். பை 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானே உறைந்து மூடிவிடும், கண்காணித்தால் போதும். பெரிதாக இருந்தால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே த்ராம்பின் மருந்தை அதற்குள் செலுத்துவார்கள். ரத்தம் அங்கேயே உறைந்துவிடும். அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படும். ஸ்கேன் எடுக்கும்வரை நீவுவதும் ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம்.

இவ்வளவு ரத்தம் கட்டுகிறதே, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் இரண்டையும் நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. புது ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும், உயிருக்கே ஆபத்து. அதோடு ஒப்பிட்டால் தொடையில் கட்டிய ரத்தம் சின்ன விஷயம். மாற்றம் தேவையா என்பதை உங்கள் இதய மருத்துவர் சொல்லட்டும்.

ஆஞ்சியோ முடிந்த அன்று மாலை எனக்குக் கடுமையான முதுகுவலி. தொடையில் வீக்கமே இல்லை. மல்லாந்து படுத்திருந்ததால்தானா?

பலருக்கு அதுதான் காரணம். ஆனால் தொடைத் தமனியில் துளை கொஞ்சம் மேலே விழுந்துவிட்டால், ரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றின் பின்பக்கம் போய்த் தேங்கும். அங்கே ஒரு லிட்டருக்கு மேலும் தேங்க முடியும், தோலில் ஒரு துளி நீலமும் இருக்காது. முதுகிலோ விலாவுக்குக் கீழேயோ வலி, அதோடு வியர்வை, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். "சாதாரண முதுகுவலிதான்" என்று பதில் வந்தாலும், அழுத்தத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நோயாளி கேட்கலாம், தப்பே இல்லை.

மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள். இப்போது அங்கே நாடியே தெரியவில்லை.

1989இல் கனடாவின் இதய மருத்துவர் லூசியன் காம்போ இந்த வழியில் செய்த ஆஞ்சியோக்களை வெளியிட்ட பிறகு, மெல்ல மெல்ல இதுவே முதல் தேர்வாகிவிட்டது. தொடையைவிட ரத்தக்கசிவு குறைவு. ஆனால் அந்தத் தமனியின் அகலம் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான், உள்ளே போகும் குழாயே கிட்டத்தட்ட அதை அடைத்துக்கொள்ளும். அதனால் சிலருக்குப் பிறகு மூடிக்கொள்கிறது. சுண்டுவிரல் பக்கத்துத் தமனியிலிருந்தும் கைக்கு ரத்தம் வருவதால் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் திறக்க முயலலாம். விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலோ, முன்கை இறுகி வீங்கி, விரலை நீட்டினாலே வலி உயிர்போனாலோ அவசரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆஞ்சியோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் டயாலிசிஸுக்கு அந்தக் கை ரத்தக்குழாய்கள் தேவைப்படலாம்.

ஒப்புதல் படிவத்தில் "இதயத் தமனி கிழியலாம்" என்று இருக்கிறது. கையெழுத்துப் போடவே பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். உட்சுவரில் கீறல் விழுந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட் வைத்தே அதை ஒட்டிவிடுவார்கள். முழுக்கத் துளை விழுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அப்போது பலூனை விரித்துக் கசிவை அடைப்பார்கள், தேவைப்பட்டால் உறை போட்ட ஸ்டென்ட் வைப்பார்கள். இதயத்தைச் சுற்றித் தேங்கிய ரத்தத்தை ஊசியால் எடுப்பதும் உண்டு. அந்த வசதிகளெல்லாம் அங்கே தயாராக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் தொடையில் திடீரென ரத்தம் வந்தால்?

உடனே படுக்க வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஊசி சாய்வாக மேல்நோக்கிப் போயிருக்கும், அதனால் தமனியின் துளை தோலில் தெரியும் துளைக்குச் சற்று மேலே இருக்கும். அங்கேதான் அழுத்த வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.