முள் 60-ல் நிற்கிறது, கூலன்ட் கொதிக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதுரை செல்லூரில் டீசல் பட்டறை வைத்திருக்கிறேன். மண்டபத்திலிருந்து ஒரு விசைப்படகு எஞ்சின் வேலைக்கு வந்தது. பட்டறையில் தொட்டித் தண்ணீர் கொடுத்து ஓட்டியபோது சூடு ஏறவே இல்லை. கடலில் முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் கூலன்ட் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் 105 டிகிரிக்குப் போகிறது. புது சென்சார் போட்டோம். இப்போது முள் 60-ஐத் தாண்டவில்லை, ஆனால் கூலன்ட் கொதித்து வழிகிறது. எதை நம்புவது?

பதில்: வழிகிற கூலன்ட்டை நம்புங்கள். படகை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் உண்மையாகவே சூடாகிறது. பழைய சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. புதியதை மாட்டியபோது இரண்டாவது கோளாறும் சேர்ந்துகொண்டது.

சென்சார் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினீர்களா? ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கிடைப்பதே மரை வழியாகத்தான். சூடு ஏற ஏற இதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். பரவலாக உள்ள ஐரோப்பிய வகையில் 40 டிகிரிக்கு சுமார் 290 ஓம், 60-க்கு 134, 80-க்கு 70, 90-க்கு 51, 100-க்கு 38 ஓம் வரும். டேப்போ துருவோ பெயின்ட்டோ எர்த் பாதையில் ஒரு 80 ஓமைக் கூட்டிவிட்டால், 90 டிகிரியில் 51-உம் 80-உம் சேர்ந்து 131 ஆகிவிடும். மீட்டர் அதை 60 டிகிரி என்றுதான் காட்டும். மீட்டருக்குப் பொருந்தாத அமெரிக்க வகை சென்சாரைப் போட்டாலும் முள் தப்பாகவே காட்டும். கூலன்ட் குறைந்து சென்சார் முனை காற்றில் நின்றாலும் முள் இறங்கிவிடும். இது மிக ஆபத்து, ஏனென்றால் தண்ணீர் இல்லாத நேரத்தில்தான் முள் நல்ல சேதி சொல்லும்.

சோதிப்பது எளிது. சாவி போட்டு, சென்சார் வயரைக் கழற்றுங்கள். முள் அடிக்கு வர வேண்டும். வயரை ஒரு நொடி பிளாக்கில் (எஞ்சின் உடலில்) தொடுங்கள். முள் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நல்லவை. அடுத்து சாவியை அணைத்து, வயர் கழற்றிய நிலையிலேயே சென்சார் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். பிறகு முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள். இரண்டாவது கூடுதலாக வந்தால், அந்த வித்தியாசம்தான் எர்த் கோளாறு. விளக்கு போட்டதும் முள் துள்ளினாலும் எர்த்தைத்தான் தேட வேண்டும்.

சென்சார் மீதே சந்தேகம் என்றால் கழற்றி, அடியில் படாமல் ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் வைத்துக் காய்ச்சுங்கள். மதுரையில் தண்ணீர் கிட்டத்தட்ட 100 டிகிரியில் கொதிக்கும், அப்போது 38 ஓமை ஒட்டி வர வேண்டும். (கொடைக்கானலில் செய்தால் சுமார் 93-லேயே கொதித்துவிடும்.) எஞ்சினில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பிடிப்பவர்கள் பளபளப்பான உலோகத்தில் பிடிக்க வேண்டாம், குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் கூலன்ட் வால்வு) மூடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள்.

இனி உண்மையான சூடு. புரொப்பல்லர் சுமை இல்லாத எஞ்சின் எரிக்கும் டீசலே குறைவு. கூலன்ட்டின் சூட்டைக் கடல்தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பாதி அடைத்திருந்தாலும் அதற்குப் போதும். அதனால்தான் பட்டறையில் தெரியவில்லை. கடல்தண்ணீர் வரும் வழியிலிருந்தே தொடங்குங்கள். ஸ்ட்ரெய்னரில் (வடிகட்டியில்) பாசியும் பிளாஸ்டிக்கும் இருக்கும். அதன் மூடி வாஷர் வெட்டியிருந்தால் பம்ப் காற்றை இழுக்கும். உறிஞ்சும் ஹோஸ் உள்ளே மெலிந்திருந்தால் வேகம் கூடும்போது ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது கையால் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து கடல்தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர். ஒரு இதழ் முறிந்திருந்தாலும் புதியது போட்டதோடு நிற்காதீர்கள். முறிந்த துண்டு பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சர் வாயில்தான் சிக்கியிருக்கும். துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு இம்பெல்லர் ஆகிறதா என்று பாருங்கள். புதியதைப் பூட்டும்போது கிளிசரின் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். எக்ஸ்சேஞ்சரில் உப்புக் காரை இருந்தால் முதலில் ஜிங்க் துண்டை (மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைவதற்காக வைத்தது) கழற்றிவிட்டு, லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்புங்கள். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஜிங்க் பாதி கரைந்திருந்தால் புதியது போட வேண்டும்.

கேள்வி: கூலன்ட் பக்கம் போர் தண்ணீர் ஊற்றலாமா? (மேலூர்)

பதில்: கூடாது. நம் பக்கத்துப் போர் தண்ணீரின் கடினத்தன்மை சூடான இடத்தில் காரையாகப் படியும். டிஸ்டில்டு தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.

கேள்வி: சூடு குறைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா? (திருமங்கலம்)

பதில்: செய்யாதீர்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் (எக்ஸ்சேஞ்சரைத் தவிர்க்கும் குறுக்கு வழி) மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே சுற்றிவரும். சுமையில் சூடு இன்னும் ஏறும். சந்தேகமிருந்தால் அதையும் அதே சட்டியில் போட்டுக் காய்ச்சுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்கினால் நல்லது. கடல்தண்ணீரே பிளாக்குக்குள் ஓடும் எஞ்சினுக்கு 60 டிகிரி வகைதான் போட வேண்டும். அதற்குமேல் சூடானால் உப்பு உள்ளேயே படியத் தொடங்கும்.