கோட் எழுதற எடிட்டர்ல டேப், ஸ்பேஸ் இன்டென்டேஷன்னா என்ன? ஏன் இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல கோட் கலைஞ்சு தெரியுது?

இன்டென்டேஷன்னா வேற ஒண்ணுமில்ல, வரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி விடற இடைவெளி, எந்த வரி எதுக்குள்ள அடங்குதுன்னு பாத்ததும் தெரியறதுக்காக. அத ரெண்டு விதமா விடலாம், டேப் இல்லனா ஸ்பேஸ்.

பூக்காரம்மாகிட்ட ஒரு முழம் மல்லி கேட்டா அவங்க கை நீளத்துக்கு அளந்து தருவாங்க, ஆள் மாறினா முழமும் மாறும். டேப்பும் அப்படித்தான், ஃபைல்ல அது ஒரே ஒரு எழுத்து, எவ்ளோ அகலம்னு அந்தந்த எடிட்டர்தான் முடிவு பண்ணும். விம்ங்கற எடிட்டர்ல வழக்கமா 8 ஸ்பேஸ் அகலம், விஎஸ் கோட்ங்கற எடிட்டர்ல 4. ஸ்பேஸ் ஸ்கேல்ல அளந்த மாதிரி, எங்க போனாலும் அதே எண்ணிக்கைதான். ரெண்டையும் ஒரே ஃபைல்ல கலந்தா உங்க ஸ்க்ரீன்ல நேரா நிக்கறது அடுத்தவங்க ஸ்க்ரீன்ல கோணலாகும், ஒரே ப்ளாக்குக்குள்ள அப்படி கலந்திருந்தா பைத்தான் 3 'டேப்எரர்'னு பிழை காட்டி ஓடவே ஓடாது.

விஎஸ் கோட்ல கீழ வலது பக்கம் 'ஸ்பேசஸ்: 4'னு இருக்கும், அத க்ளிக் பண்ணி மாத்துங்க. செட்டிங்ஸ்ல 4 வெச்சும் 2 காட்டுதுன்னா பயப்படாதீங்க, திறந்த ஃபைல்ல ஏற்கனவே என்ன இருக்கோ அதப் பாத்து அதுவே மாத்திக்கும், வேணாம்னா 'டிடெக்ட் இன்டென்டேஷன்' ஆஃப் பண்ணிடுங்க. டீம்ல வேலை செய்றீங்கன்னா ப்ராஜெக்ட்ல ஒரு எடிட்டர்கான்ஃபிக் ஃபைல் (எல்லாரோட எடிட்டருக்கும் ஒரே இன்டென்டேஷன் விதிய சொல்ற ஃபைல்) கண்டிப்பா வைங்க. பைத்தானுக்கு 4 ஸ்பேஸ், கோ மொழிக்கு டேப், மேக்ஃபைலுக்கும் (ப்ரோக்ராம உருவாக்கற கட்டளைகள் எழுதி வைக்கற ஃபைல்) டேப்தான், அங்க கட்டளை வரிகளுக்கு முன்னாடி ஸ்பேஸ் போட்டா வேலையே செய்யாது.

ஸ்பேஸ்னு வெச்சா ஸ்பேஸ்பார நாலு தடவ தட்டணும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, டேப் கீய ஒரு தடவ அழுத்தினாலே எடிட்டர் நாலு ஸ்பேஸ் போட்டுடும்.