பழைய பென்ஸ் இ220 காரை வேகமாகவும் ஸ்டைலாகவும் மாற்ற மதுரையில் என்னென்ன செய்யலாம்?

நீங்கள் வாங்கியிருப்பது 1996-ஆம் வருஷத்து பெட்ரோல் இ220. ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), சத்தமான சைலன்சர், 18 இன்ச் அலாய், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது, மேட் பிளாக் கலர் என்று ஒரு பட்டியல் போட்டு, எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மதுரையில் அதே பாடி கார்தான் வைத்திருக்கிறேன், பென்ஸ் கம்பெனி அதற்கு வைத்த குறி டபிள்யூ 124. எனக்கு ரொம்பப் பிடித்த கார் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

பட்டியலில் உள்ள எதிலும் ஆரம்பிக்க வேண்டாம். வண்டிக்கு அடியில் இருக்கும் ரப்பரில் ஆரம்பியுங்கள்.

மெர்சிடிஸ் பென்ஸ் 1994-இல் டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து இந்தியாவுக்கு வந்து, 1995 முதல் புனேயில் பாகங்களைக் கோத்து விற்ற கார் இது. இ220-இன் 2.2 லிட்டர், 16 வால்வு எஞ்சின் புதிதில் 150 குதிரைத்திறன் கொடுத்தது. நம்முடைய நான்கு வழிச் சாலைக்கு இன்றைக்கும் அது போதும். ஆனால் முப்பது வயதான வண்டியில் அந்த வலு முழுசாகத் தரைக்கு வந்து சேருவதில்லை. எஞ்சினுக்கும் டயருக்கும் நடுவே எத்தனை ரப்பர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எஞ்சின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ரப்பர் கப்ளிங், டிஃபரன்ஷியல் மவுண்டிங், பின் சப்ஃப்ரேமை (பின் சக்கர அமைப்பைப் பிடித்திருக்கும் சட்டம்) தாங்கும் பெரிய ரப்பர் புஷ்கள். அப்புறம், பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து கைகள் (உலோகத் தண்டுகள்) பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கையிலும் புஷ். இந்த ஐந்து கை அமைப்பு 1982-இல் 190 மாடலில் வந்தது. பென்ஸ் நேர்க்கோட்டில் அப்படிப் போகிறதே என்று நாம் வியப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மதுரை வெயிலில் இந்த ரப்பரெல்லாம் இறுகி வெடித்திருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் ‘டொக்’ என்று ஒரு அடி கேட்கும். பிரேக் பிடித்தால் பின்பக்கம் லேசாகத் தானே திரும்பும். நத்தம் மேம்பாலத்தில் ஏறி மிதமான வேகத்தில் போய்ப் பாருங்கள். 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலம், வரிசையாக இணைப்புகள். புஷ் நன்றாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய ஓசை ஒன்றுதான் வரும். தேய்ந்திருந்தால் தட்டுவது இரண்டு முறையாகக் கேட்கும், ஸ்டியரிங்கும் நடுங்கும். என் மெக்கானிக் அண்ணன், பிக்கப் இல்லை என்று யார் வந்தாலும் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிவிட்டு, “எஞ்சினை அப்புறம் பாப்போம் தம்பி, முதல்ல இந்தக் கையைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க” என்பார்.

புஷ்களை மாற்றும்போது மூன்று விஷயம் முக்கியம். முதலாவது, லேத்தில் நைலான் புஷ் கடைந்து போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர் லேத் வேலைக்காரர்களின் கைத்திறமை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் சொகுசு என்று நாம் காசு கொடுத்து வாங்கியதே அந்த ரப்பர் எந்தத் திசையில் எவ்வளவு வளையும் என்ற கணக்கைத்தான். நைலான் போட்டால் அது போய்விடும். இரண்டாவது, புஷ் போல்ட்டுகளின் கடைசி முறுக்கை, வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். லிஃப்ட்டில் கால்கள் தொங்கும்போதே இறுக்கினால் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். பல பட்டறைகளில் இதைக் கவனிப்பதில்லை, பக்கத்தில் நின்று கேட்டுச் செய்யுங்கள். மூன்றாவது, எல்லாம் முடிந்த பிறகு நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட். பின் சக்கரத்துக்கும் சரிசெய்யும் இடம் உண்டு, முன்பக்கத்தோடு விட்டுவிடக் கூடாது.

ரப்பர் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோச்சடையில் ஃபென்னர் பெல்ட் செய்கிறது, மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் செய்கிறது. ஓட்டுநர்களில் பாதிப் பேருக்கு ரப்பர் தொழிலில் இருக்கும் ஒரு சொந்தக்காரராவது இருப்பார். அவர்களிடம் ஒரு பழைய புஷ்ஷைக் காட்டிப் பாருங்கள், நகத்தால் அழுத்தியே ஆயுள் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது சூடு. சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது முள் 100-ஐத் தாண்டினால் நீங்கள் கூட்டிய எந்த வலுவும் பயனில்லை. இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரு முறை நன்றாகக் கொதித்தால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் கிளட்ச் நான்கையும் பார்த்துவிடுங்கள். போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. நம் ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிந்து அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் நல்ல கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.

எஞ்சின் வயரிங்கையும் பாருங்கள். 1990-களின் முதல் பாதியில் வந்த பென்ஸ் எஞ்சின்களில் வயர் மேல் உள்ள உறை வெப்பத்தில் பொடியாக உதிரும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். மூடியைக் கழற்றி ஒரு வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். உறை உதிர்ந்தால் மற்ற வேலை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதை முடியுங்கள். ஐடிலில் நடுங்குவது, திடீரென்று இழுவை குறைவது எல்லாம் இதனாலும் வரும்.

இப்போது வண்டியை இறக்குவது. ஸ்பிரிங்கை வெட்ட வேண்டிய தேவையே இந்தக் காருக்குக் கிடையாது. ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ரப்பர் பேட் உட்கார்ந்திருக்கும். அதன் ஓரத்தில் சிறு புள்ளிகள் புடைத்திருக்கும். ஒரு புள்ளி மெல்லிய பேட், நான்கு புள்ளி தடித்த பேட். புள்ளி குறைந்த பேட் மாற்றினால் உயரம் இறங்கும். ஸ்பிரிங் உட்காரும் இடம் கையின் நடுப்பகுதி என்பதால், பேட்டில் குறையும் சில மில்லிமீட்டர் சக்கரத்தருகே இன்னும் கூடுதலாகத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் பழைய பேட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: முன் ஸ்பிரிங்கைக் கழற்ற இந்தக் காருக்கென்று உள்ள கம்ப்ரசர் கருவி வேண்டும். அது இல்லாமல் ஜாக்கியும் கயிறும் வைத்துச் செய்யும் பட்டறை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அழுத்தியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும்.

சக்கரத்துக்கு வருவோம். 18 இன்ச் வேண்டாம். கம்பெனி டயர் 195/65 ஆர் 15. மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் 127 மி.மீ. 16 இன்ச்சில் 205/55 போட்டால் விட்டம் 632, சுவர் 113. 17-இல் 225/45 போட்டால் விட்டம் அதே 634, சுவர் 101-ஆகக் குறையும். விட்டம் மாறாததால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. குறையும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் நம் ஊர் வேகத்தடையில் உங்கள் முதுகுக்குத்தான் போகும். என் ஓட்டு 16-க்கு. ஸ்டியரிங்கின் பதில் கூர்மையாகும், சொகுசும் போகாது. டயர் வாங்கும்போது லோடு எண் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்ற குறி) கம்பெனி டயருக்குக் குறையாமல் பாருங்கள்.

இங்கே பலர் சிக்குவது ஸ்கோடா அலாயில்தான். பென்ஸுக்கும் பல ஸ்கோடா மாடல்களுக்கும் பி.சி.டி. (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) ஒன்றே, 5 போல்ட், 112 மி.மீ. போல்ட் ஓட்டைகள் பொருந்துவதால் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். ஆனால் நடு ஓட்டை ஸ்கோடாவில் 57.1 மி.மீ., பென்ஸ் ஹப் 66.6. உட்காரவே உட்காராது. லேத்தில் கடைந்து பெரிதாக்கினாலும் ஓட்டை நடுமையத்தில் விழ வேண்டும், போல்ட்டின் தலைக்கு அடியில் உள்ள வளைவும் வீலோடு ஒத்துப்போக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் சக்கரம் நடுங்கும், போல்ட் தளரும். பென்ஸுக்கே வந்த வீலைத் தேடுங்கள். பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகச் சுற்றினால் கிடைக்கும். 500இ மாடலின் எட்டுத் துளை 16 இன்ச் வீல் இந்த பாடிக்கு அழகோ அழகு. ஆனால் அது 8 இன்ச் அகலம், 500இ-யின் வீல் ஆர்ச்சும் அகலம். உங்கள் வண்டியில் உரசுமா என்று மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பிரேக்கில் பெரிய டிஸ்க் தேடுவதற்கு முன் காலிப்பர் பிஸ்டன், ஹோஸ், பிரேக் ஆயில் மூன்றையும் புதுப்பியுங்கள். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பிறகு சிறுமலை 18 கொண்டை ஊசி வளைவுகளையும் சின்ன கியரில் இறங்கி வந்து பாருங்கள். கீழே வந்தபின் பெடல் மெத்தென்று போகாமல் இருந்தால் போதும்.

உங்கள் பட்டியலில் முதலில் இருந்தது எஞ்சின் ரீமேப். டர்போ இல்லாத எஞ்சினில் ரீமேப் செய்து கிடைப்பது மிகச் சொற்பம். அந்தப் பணத்தில் கம்ப்ரஷன் டெஸ்ட், ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், ஆக்சிஜன் சென்சார், காற்றை அளக்கும் சென்சார், வெடித்த வாக்குவம் குழாய்கள் எல்லாம் முடியும். தொலைந்த வலு அங்கேதான் திரும்பக் கிடைக்கும். ஆட்டோமேடிக் என்றால் கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். இந்த நாலு கியர் பெட்டி மெதுவாக மிதித்தால் இரண்டாம் கியரிலேயே கிளம்புவது உண்டு. அதைக் கோளாறு என்று நினைத்து யாரிடமும் பிரித்துப் பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். பெரிய குழாய் சைலன்சர் போட்டால் கீழ் ஆர்.பி.எம். இழுவை குறையும். காளவாசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு வேண்டியதே அந்த இழுவைதான்.

இதே எஞ்சின் குடும்பத்தில் கம்ப்ரசர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர்) வைத்த 2.3 லிட்டர் ஒன்று உண்டு. பென்ஸின் எஸ்.எல்.கே. 230 காரில் 193 குதிரைத்திறனோடு வந்தது. மாற்றிப் போட ஆசை வரும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை நீங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நின்றே ஆக வேண்டும். கலர் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். கண்ணாடி முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும்.

ஸ்டைல் பற்றி என் கருத்து அழுத்தமானது. இது பென்ஸின் வடிவமைப்புத் தலைவராக இருந்த புரூனோ சாக்கோ தலைமையில் வரைந்த உடல். 1993-க்குப் பிறகு வந்த வண்டியில் கிரில் பானட்டோடு சேர்ந்திருக்கும், கூடவே அந்த ஒற்றை வைப்பரும் இருக்கும். மேட் பிளாக் அடித்தால் பக்கவாட்டில் ஓடும் கோடுகள் எல்லாம் செத்துவிடும். பழைய கலரையே நல்ல பெயின்டரிடம் கொடுத்து அடியுங்கள், அதற்கு முன் ஜாக்கி வைக்கும் இடங்களிலும் ஃபெண்டருக்கு உள்ளேயும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே டேஷ்போர்டு மரத்தின் வார்னிஷ் வெடித்திருந்தால், தேக்கு ஃபர்னிச்சருக்கு பாலிஷ் போடும் ஆசாரியிடம் கழற்றிக் கொடுங்கள். என் காரில் அப்படித்தான் செய்தேன், ஸ்டிக்கர் ஒட்டினால் அந்த ஆழம் வராது. சீட்டுக்குள் ஸ்பிரிங்கும், குதிரை மயிரை ரப்பரில் தோய்த்துச் செய்த மெத்தையும் இருக்கும். சீட் கவர் தைப்பவர் அதை எடுத்துவிட்டு ஃபோம் வைக்கிறேன் என்பார், விடாதீர்கள். கொடைக்கானல் வரை போய் வந்தும் முதுகு வலிக்காமல் இருப்பது அந்த மெத்தையால்தான்.

சேஸிஸ் நம்பரில் 124022 என்ற எண் வருகிறதா என்று பாருங்கள், அதுதான் இ220 செடானின் குறி. எந்தப் பாகம் கேட்டாலும் கடைக்காரரிடம் முழு நம்பரையும் கொடுங்கள், மாடல் பெயர் மட்டும் சொன்னால் வேறு எஞ்சினின் பாகம் வந்துவிடும். லிஃப்ட்டில் ஏற்றும்போது நான்கு ஸ்பிரிங் பேட்டிலும் எத்தனை புள்ளி என்று எண்ணி எழுதுங்கள். எவ்வளவு இறக்கலாம், எந்த பேட் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.