ஹெல்மெட் போதுமா? – கடிதம்

வணக்கம் சார்,
டெக்சாஸில் இருக்கிறோம். டேக்கிள் ஃபுட்பாலில் (பந்தோடு ஓடுபவனை மோதிப் பிடித்துச் சாய்க்கும் அமெரிக்கன் ஃபுட்பால்) சேர்ந்தே தீருவேன் என்று பத்து வயது மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். நல்ல ஹெல்மெட் இருக்கிறது, மோதும் முறையையும் சொல்லித் தருகிறோம், பயப்படாதீர்கள் என்கிறார் கோச். மனைவிக்கு இஷ்டமில்லை. உங்கள் கருத்து?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மனைவி பக்கம்.

ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. கெட்டியான ஹெல்மெட் வந்த பிறகுதான் தலையாலேயே முட்டும் பழக்கம் பரவியது. அமெரிக்காவில் 1968-ல் மட்டும் 36 பேர் ஆட்டத்தில் பட்ட அடியால் இறந்தார்கள். தலையால் முட்டக்கூடாது என்று 1976-ல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கு விதி வந்ததும், கழுத்து முறிந்து கைகால் விளங்காமல் போவது வெகுவாகக் குறைந்தது. ஆகவே முறை முக்கியம்தான்.

ஆனால் அந்த முறை என்ன கேட்கிறது என்று பாருங்கள். நெஞ்சை நிமிர்த்தி, எதிராளியைப் பார்த்தபடியே தலையை ஒரு பக்கம் ஒதுக்கி, தோளைக் கொடுத்து, இரு கைகளாலும் கட்டிப் பிடிக்க வேண்டும். தன்னைவிடக் கனமான பையன் பாய்ந்து வரும்போது பத்து வயதுப் பிள்ளை கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொள்வான். குனிந்ததும் கழுத்தின் வளைவு நேராகிவிடும், மோதும் வேகம் முழுக்கக் கழுத்தெலும்பில் இறங்கும். அந்த வயதில் கழுத்துத் தசைக்கும் வலு போதாது.

அப்புறம், எல்லோரும் மேட்ச் நாளையே நினைக்கிறார்கள். பயிற்சியில் வாங்கும் அடியும் மூளைக்கு அடிதான். டார்ட்மவுத் கல்லூரியின் கோச் பட்டி டீவன்ஸ் 2010-ல் பயிற்சியின்போது வீரர்கள் ஒருவரையொருவர் சாய்ப்பதையே நிறுத்திவிட்டார். பொம்மைகளின் மேல் பழகினார்கள். பிறகு ரிமோட்டில் ஓடும் பொம்மையே வந்தது. அந்த அணி 2015-ல் ஐவி லீக் (எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மோதும் போட்டி) பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. வளர்ந்த வாலிபர்களுக்கே இது போதுமென்றால், உங்கள் பிள்ளைக்கு இப்போது என்ன அவசரம்?

ஃப்ளாக் ஃபுட்பாலில் சேருங்கள். பந்தோடு ஓடுபவனின் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும், யாரையும் சாய்க்க வேண்டியதில்லை. ஓடுவது, எறிவது, பிடிப்பது எல்லாம் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் அதுவும் இருக்கிறது என்று சொன்னால் பையன் கொஞ்சம் இறங்கி வரலாம். பதினான்கு வயதுக்குப் பிறகும் ஆசை இருந்தால் டேக்கிளுக்குப் போகட்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் கோச்சிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை நிமிடம் முழு மோதல் பயிற்சி? தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் பையனை வெளியே எடுப்பது யார்? வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் தலையில் அடிபட்ட 13 வயதுப் பையனை அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான், வாழ்நாள் பாதிப்பு. அப்படித் திரும்ப இறக்கக்கூடாது என்று 2009-ல் அங்கே சட்டமே வந்தது. இந்த இரண்டுக்கும் கோச் பளிச்சென்று பதில் சொல்லவில்லை என்றால் அவரிடம் பையனை அனுப்பாதீர்கள்.