இரண்டு பேர், இரண்டு மொழி, ஒரே கதை: மேடையில் எடுபடுமா?

கேள்வி: நான் குழந்தைகளுக்குத் தமிழில் கதை சொல்கிறேன். என் தோழி தெலுங்கில் சொல்கிறாள். இருவரும் ஒரே மேடையில் சேர்ந்து ஒரு கதை சொல்ல ஆசை. நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா? கேட்பவர்களுக்குக் குழப்பமாக இருக்காதா?

மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வழியில் போய்ப் பட்டவள் நான்.

எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. வார இறுதிகளில் நூலகங்களிலும் பள்ளிகளிலும் கதை சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் பாலக்காட்டைச் சேர்ந்த ஒரு சேச்சி பழக்கமானார். அவர் மலையாளத்தில் கதை சொல்பவர். எல்லைப் பக்கம் இருக்கும் ஒரு பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள் என்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். நான் ஒரு வரி தமிழில் சொல்ல, அதையே அவர் மலையாளத்தில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கால் மணி நேரக் கதை முக்கால் மணி நேரம் இழுத்தது. நான் பேசும்போது மலையாளப் பிள்ளைகள் காத்திருந்தார்கள், சேச்சி பேசும்போது தமிழ்ப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். எந்த நேரத்திலும் பாதி வகுப்பு கதைக்கு வெளியேதான் இருந்தது. கடைசி வரிசையில் ஒரு பையன் பென்சில் பாக்ஸைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சேச்சி, "நீ ஒருநாள் எங்க பகவதி கோயில் கூத்து பார்க்கணும்" என்றார். அந்த மாசியில் ஷொர்ணூர் பக்கம் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார். நான் இன்றைக்குச் செய்வதெல்லாம் அந்த இரவில் பார்த்ததிலிருந்து வந்ததுதான்.

அது தோல்பாவைக்கூத்து, தோலில் செய்த பாவைகளின் நிழலைத் திரையில் காட்டிக் கதை சொல்வது. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் இருக்கும் பத்ரகாளி கோயில்களில் ஜனவரி முதல் மே வரை நடக்கும். கோயிலுக்கு வெளியே, அம்மனைப் பார்த்தபடி, இதற்கென்றே கட்டிய கூத்துமாடம் இருக்கும். நீளமான கட்டடம், முன்பக்கம் முழுக்கத் திரை. மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்பு. திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள். சில கோயில்களில் 7 இரவு, சில கோயில்களில் 14 அல்லது 21 இரவு. இன்னும் நீளமாக நடக்கும் இடங்களும் உண்டு. விடிய விடிய ராமன் கதை.

கேரளத்தில், மலையாளம் பேசும் ஊரில், மலையாளக் கலைஞர்கள் சொல்கிற அந்த ராமன் கதை கம்பனுடையது. பாட்டுகள் தமிழ். கம்பனின் விருத்தத்தைப் பாடுவார்கள், பிறகு அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கம் தமிழும் மலையாளமும் சமஸ்கிருதமும் பின்னிக் கிடக்கும் ஒரு பேச்சு. பாட்டும் விளக்கமும் சேர்ந்த தொகுப்பை ஆடற்பற்று என்கிறார்கள். கலைஞருக்குப் புலவர் என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லை இப்போது பட்டத்துக்குத்தான் வைத்திருக்கிறோம். அங்கே நெருப்புக்குப் பக்கத்தில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, கையில் பாவையோடு பாடுகிறவர் புலவர்.

இது ஏன் காளி கோயிலில் நடக்கிறது என்பதற்கு அவர்கள் சொல்லும் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராமனும் ராவணனும் போரிட்ட அதே சமயத்தில் பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாள். அதனால் ராவண வதத்தைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவள் பார்க்கத் தவறியதை வருடா வருடம் அவளுக்குக் காட்டுவதுதான் கூத்து. ஆகவே பார்வையாளர் அவள் ஒருத்திதான், நாமெல்லாம் கூட வந்தவர்கள்.

நாங்கள் போன இரவில், இரண்டு மணிக்கு மேல் மைதானத்தில் ஆறேழு பேர் இருந்திருப்போம். அதில் நாலு பேர் தூக்கம். ஆனால் திரைக்குப் பின்னால் ஒரு சோர்வும் இல்லை. பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தேன். ஒரு பெரியவர் ஒரு பாவையைத் திரையில் குத்திவைத்துவிட்டு, எதிரில் இருந்த இளைஞரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். இளைஞர் தலையாட்டினார், இடையில் ஒரு கேள்வி போட்டார், பெரியவர் அதற்குப் பதில் சொல்ல ஒரு கிளைக்கதைக்குள் போனார். ஒருவர் வரியை முடிக்கும் இடத்தில் மற்றவர் "ஆ..." என்று நீளமாக ஒரு குரல் கொடுத்தார். வெளியே ஆள் இருக்கிறதா என்ற கவலையே அந்த இருவருக்கும் இல்லை. ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார், அவ்வளவுதான். பஸ்ஸில் நினைத்து நினைத்து வருந்திய விஷயத்துக்கு அங்கே பதில் கிடைத்தது. என்னோடு மேடையில் நிற்பவர் என் மொழிபெயர்ப்பாளர் கிடையாது. என் கதையை முதலில் கேட்பவர்.

அப்புறம் இன்னொன்று. இலங்கையிலிருந்து திரும்பும் அனுமன் ராமனிடம் முதலில் "கண்டனென்" என்று சொல்கிற இடம் வந்தது. சீதை பெயரைச் சொல்வதற்கு முன்பே, பார்த்துவிட்டேன் என்ற சொல் வந்துவிட வேண்டும். அந்த நொடிகூட ராமன் தவிக்கக் கூடாது. இது தமிழ் படித்தவர்கள் எல்லோரும் கேட்டுச் சிலிர்த்த இடம். சேச்சிக்குக் கம்பன் தெரியாது. ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் என் கையைப் பிடித்தார். மலையாளத்தில் 'கண்டு' என்றால் பார்த்தாயிற்று. ஒரு சொல் போதும். அதற்குப் பின் வந்த நீண்ட விளக்கத்தில் மலையாளம் அதிகம், எனக்குப் பாதி தப்பியது. பாட்டில் நான் முன்னால் போனேன், பேச்சில் அவர் முன்னால் போனார். ஒருவரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

கவனித்தீர்களா, அங்கே இரண்டு மொழியும் ஒரே வேலையைச் செய்யவில்லை. பாட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. எங்கள் பள்ளி நிகழ்ச்சி கெட்டதற்குக் காரணமும் அதுதான்: இரண்டு மொழிக்கும் ஒரே வேலையைக் கொடுத்திருந்தோம்.

இது கேரளத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. தஞ்சாவூரில் 1676 முதல் 1855 வரை மராத்திய அரசர்கள் ஆண்டார்கள். அவர்களோடு மராத்தி கீர்த்தனக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் கதை சொல்லும் பாணியைத் தமிழுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். அதுதான் நாம் கதாகாலட்சேபம் என்கிறோமே, அது. பேச்சு தமிழில் ஓடும். நடுவில் சமஸ்கிருத சுலோகம், தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனை, சாகி, திண்டி, அபங்கம் என்ற மராத்திப் பாட்டு வகைகள் எல்லாம் வரும். என் பாட்டிக்கு மராத்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் வானொலியில் காலட்சேபம் போனால் அரிசி களைந்துகொண்டே கூடப் பாடுவார். கதை சொல்பவர் கையில் தட்டும் சிப்ளாக்கட்டை வேகம் பிடித்தால் கதையில் யாரோ ஓடுகிறார்கள் என்று அர்த்தம், அது அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டுத் தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களான மண்டிகர்களுக்கும் தாய்மொழி மராத்திதான். வீட்டில் மராத்தி, கூத்தில் தமிழ். இத்தனை காலமாக இது நம் நடுவில் நடந்துகொண்டிருக்க, மொழி கலந்தால் குழம்பும் என்று நாம் பயப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். உங்களுக்கு நேரடியாக உதவும்.

எல்லோருக்கும் தெரிந்த ஆமையும் கொக்கும் கதையை எடுத்தோம். குளம் வற்றுகிறது, இரண்டு கொக்குகள் ஒரு குச்சியைப் பிடித்துக்கொள்ள, ஆமை அதை வாயால் கவ்விக்கொண்டு பறக்கிறது, வாயைத் திறந்ததும் விழுகிறது. சேச்சி ஆமை, மலையாளம் மட்டும் பேசும். நான் கொக்கு, தமிழ் மட்டும் பேசும். இன்னொரு கொக்காக வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்வோம்.

ஒத்திகையில் சேச்சி, ஆமையாக, "குளத்தில் வெள்ளமில்லா" என்று அழுதார். நான் யோசிக்காமல், "வெள்ளம் இல்லைன்னா சந்தோஷப்படணும், எதுக்கு அழற?" என்றேன். இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நமக்கு அது ஊரையே அடித்துப்போவது. குடிக்க ஒரு சொட்டு இல்லை என்று ஆமை கதற, கொக்கு அதற்கு வாழ்த்துச் சொல்கிறது. கதையின் முதல் பாதி முழுக்க அதை வைத்தே கட்டினோம். ஆமை வறண்ட குளத்தைக் காட்டுகிறது, நாக்கைத் தொங்கப்போடுகிறது, கையைக் குவித்துக் குடிப்பதுபோல் செய்கிறது. தமிழ்ப் பிள்ளைகளில் ஒன்று எழுந்து, "அதுக்குத் தண்ணி வேணுமாம் மிஸ்!" என்று கத்தும் வரை கொக்குக்குப் புரியாது. ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை எழுந்து கத்தியிருக்கிறது. அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் அந்தப் பிள்ளைதான். நாங்கள் நியமித்த ஆளாக இருந்தால் அந்தச் சந்தோஷம் வந்திருக்காது.

பறக்கும் காட்சியில் நான் "வாயைத் திறக்காதே" என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்பேன். சேச்சி பறக்கும் முன்பே மலையாளப் பிள்ளைகளுக்கு "வாய் துறக்கல்லே" என்று சொல்லிக்கொடுத்திருப்பார். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் கத்தும்போது எது தமிழ் எது மலையாளம் என்று பிரித்துக் கேட்கவே முடியாது. சத்தம் ஏறிக்கொண்டே போகும். குச்சியைக் கவ்வியபடி ஆமை ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிப் பார்க்கும். கடைசியில் காதில் சரியாக விழாமல், "எந்தா?" என்று கேட்கும். என்ன என்று கேட்பதற்காகத் திறந்த வாய். விழுந்துவிடும்.

பள்ளியில் முதல்முறை இதைச் செய்தபோது ஐந்து விநாடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். சேச்சி எழுந்து போய் அவளை மடியில் வைத்துக்கொண்டு, மலையாளத்தில் ஏதோ சொன்னார். அவள் தமிழ்ப் பெண். தலையைத் தலையை ஆட்டினாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய நடைமுறை விஷயங்கள் கொஞ்சம் இருக்கின்றன. கதை இருவருக்கும், கேட்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும். கூத்தில் உட்காரும் யாருக்கும் ராமன் கதை புதிது இல்லை. திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியை இரண்டு மொழியிலும் வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள், உங்கள் தோழி பேசும்போது நிஜமாகவே கேளுங்கள். புரியாவிட்டால் புரியாத முகத்தைக் காட்டுங்கள், அதே முகத்தோடு எதிரில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நேரமும் முடிவும் ஒருவர் கையிலேயே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது தமிழ் நிகழ்ச்சி, இடையிடையே தெலுங்கு என்று ஏற்பாட்டாளர் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். விளம்பரத்தில் இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும், பணமும் சரிபாதி. இதைக் கேட்க எனக்கும் முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் கேட்காத ஒரு இடத்தில் சேச்சியை உதவியாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

தமிழுக்கும் தெலுங்குக்கும் இடையிலும் இப்படிச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. "நாகு நீள்ளு அவசரம்" என்று ஒரு வழிப்போக்கன் தெலுங்கில் சொல்லட்டும். எனக்குத் தண்ணீர் தேவை என்கிறான். உங்கள் தமிழ்ப் பாட்டி அவசரம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, "அப்படி என்னப்பா அவசரம், உட்காரு, மெதுவாப் போகலாம்" என்று திண்ணையில் உட்கார வைக்கட்டும். அவன் மறுபடி "அவசரம்" என்கிறான், அவள் மறுபடி உட்காரச் சொல்கிறாள். அதற்கு மேல் உங்கள் தோழி என்ன செய்கிறார் என்று பார்த்து நீங்கள் போகலாம்.

முடிந்தால் இருவரும் ஒருமுறை கூத்து நடக்கும் காலத்தில் பாலக்காடு பக்கம் போய்வாருங்கள். கூனத்தறையில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவரும் புலவர் குடும்பம் இருக்கிறது, அந்தக் குடும்பத்தின் ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். காந்தி கதையைக்கூடப் பாவையில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அரங்கத்தில் போடும் ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், கோயிலுக்குப் போங்கள். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், பனி இறங்கும். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கலையும். நீங்கள் கலையாமல், பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள்.