நக்கிள்ஸ் பக்கத்திலிருந்து பதில் வராததற்கு

நக்கிள்ஸ் மலைக்காட்டு அதிகாரிகளுக்குத் தனிக் கடிதம் போடுங்கள், அதுவும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வழியாக. நுவரெலியாவில் நீங்கள் வைக்கும் மரபுரிமைத் தள முகாமையாளர் சந்திப்புக்கு ஹோட்டன் சமவெளிக்காரர்கள் சம்மதித்தும் இவர்கள் மட்டும் பதில் போடாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு மூன்றும் சேர்ந்த மத்திய மலைநாட்டை 2010இல் யுனெஸ்கோ ஒரே மரபுரிமைத் தளமாக அறிவித்தாலும், ஹோட்டன் சமவெளி வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. நக்கிள்ஸ் அப்படியில்லை, அது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ்.

அனுப்பிய கடிதத்தின் பிரதியை எடுத்து, யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரே முகவரி என்றால் சிக்கல் அங்கேதான்.

அப்புறம் சந்திப்பின் திகதி. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். கடிதம் சரியாகப் போனாலும் சிவனொளிபாதமலைப் பக்கத்துக் களப் பணியாளர்கள் அப்போது வருவது கஷ்டம். தயவுசெய்து அவர்களை விட்டுவிட்டு நடத்தாதீர்கள். மலையேறும் கூட்டத்தையும் குப்பையையும் நேரில் சமாளிப்பவர்கள் அவர்கள்தான்.